சரவிளக்கில் ஒட்டிக்கொண்டவர்

மிக்கேல் நகர் சமுதாயக் கூடத்தின் சரவிளக்கில் என் வீட்டுக்காரர் லிகோரி ஒட்டிக்கொண்ட அன்று எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. அவர் வந்த பிறகு சாப்பிடலாம் என்று சட்டியை மூடி வைத்துவிட்டு, இன்னும் தலை நிற்காத பிள்ளையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் அக்கா வாசலில் வந்து நின்று, "ஏ பிள்ளே ஜெசிந்தா, ஒம் மாப்பிள்ளை லைட்டோட லைட்டா ஒட்டிக்கிட்டாராம், எறங்க மாட்டேங்காராம்" என்று, மீன்காரன் வந்திருக்கான் என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னாள்.

நடந்தது இதுதான். துறைமுகத்துக்குப் போகிற லாரிச் சாலைக்கும் உப்பளத்துக்கும் நடுவில் கிடக்கிற எங்கள் மிக்கேல் நகருக்கு ஒரு சமுதாயக் கூடம் உண்டு, அந்தக் கூடத்தின் சுவரில் மாதா சிலை நிற்கிற மாடமாக ஒரு கெபி உண்டு, கெபிக்குள் நீல நிறத்தில் ஒரு சின்ன பல்பு உண்டு. பெரும்புயல் அடித்த வருஷம் கடல் உப்பளம் வரை ஏறி வந்து, ஊரெல்லாம் இருட்டிக் கிடந்தபோது அந்த பல்பு மட்டும் எரிந்துகொண்டே இருந்ததால், இனி ஊர்க்காரர் கையால் அது ஒருபோதும் அணையக் கூடாது என்று எல்லோருமாக நேர்ந்துகொண்டார்கள். கரண்ட் போனால் அது அரசாங்கம் அணைத்தது, பாவத்தில் சேராது. ஊரான் ஒருவன் சுவிட்சில் கை வைத்து அணைத்தால்தான் பாவம். இப்படி ஒரு கூடத்துக்கு, சங்கத் தலைவர் கொர்னேலியூஸ் அண்ணாச்சியின் மருமகன் மஸ்கட்டிலிருந்து பித்தளைக் கைகளும் கண்ணாடி மணிகளும் வைத்த சரவிளக்கு ஒன்றை அனுப்பி வைத்தான். அதை மாட்டத்தான் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள்.

அவருக்கு வேலையில் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் ஒயரில் கை வைப்பார். "எங்க வீட்டு உசிரையே பையில போட்டுட்டீரே" என்று பெண்கள் கேலி செய்வார்கள், "கரண்ட நம்பலாம்க்கா, அது சொன்ன சொல்லு மாறாது, மனுஷனத்தான் நம்பக் கூடாது" என்பார். ஆனால் கூடத்தின் பியூஸ் கட்டை வாசலுக்கு வெளியே மீட்டர் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது, சாவி அண்ணாச்சியின் அரைஞாணில் கிடந்தது. அண்ணாச்சியோ, "பூட்டத் தொறந்து கட்டையப் பிடுங்கி எதுக்குல அவ்வளவு சோலி? மெயின் சுவிட்ச அமத்துதேன், பக்கத்துலயே நிக்கேன், நீ ஏறுல" என்றார். பெரிய மனுஷர் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்ன பிறகு இல்லை, நீர் நின்றாலும் பயமாகத்தான் இருக்கிறது என்று சொல்ல எங்கள் ஊரில் எவனுக்கும் வாய் வராது. அவர் ஏறினார்.

ஏறியவர் எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தார். டெஸ்டரை முதலில் எரிகிற பாயின்டில் வைத்து டெஸ்டருக்கே உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார், மெயினை அமர்த்தச் சொல்லிவிட்டு ஒயர்களில் வைத்து அவற்றுக்கு உயிர் இல்லை என்று பார்த்துக்கொண்டார், விளக்கின் பாரம் ஒயரில் தொங்கக் கூடாது என்று கொக்கியில் மாட்டினார், பச்சை ஒயரைப் பித்தளை உடம்பில் முறுக்கி எர்த் கொடுத்தார், அப்புறம் கனெக்டரில் சொருகுவதற்காகச் சிவப்பு ஒயரின் செப்பு முனையை இடது கையிலும் கறுப்பு ஒயரின் செப்பு முனையை வலது கையிலும் பிடித்தார். அந்த நேரம் கீழே பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கெபியைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எந் தாயி இருட்டுல நிக்காளே" என்று அலறினாள். அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார். நீல பல்பு அணைந்திருந்தது. மெழுகுவர்த்தி என்று ஒன்று உலகத்தில் இருப்பது அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அண்ணாச்சி மெயினைத் தூக்கிப் போட்டார். அண்ணாச்சி கெட்டவர் இல்லை. மாதாவா லிகோரியா என்று கேட்டால் யோசிக்காமல் மாதா என்று சொல்லத்தானே எங்கள் எல்லோரையும் பழக்கியிருந்தார்கள்.

ஏணி விழுந்தது. அவர் விழவில்லை. இரண்டு கைகளும் விளக்கின் பித்தளைக் கிண்ணத்துக்குள் இருக்க, உடம்பு கொடியில் காய்கிற வேட்டி மாதிரி கிடையாக மிதந்தது. நகத்திலிருந்து தொடங்கி, முழங்கை, விலா, பாதம் என்று ஒவ்வொன்றாக அவர் எரிய ஆரம்பித்தார். டியூப்லைட் மாதிரி வெள்ளையும் இல்லை, குண்டு பல்பு மாதிரி மஞ்சளும் இல்லை. சூரியன் கிளம்பும் நேரத்தில் உப்பளப் பாத்திக்கு மேல் நிற்குமே ஒரு வெளிச்சம், அதை ஒரு மனுஷத் தோலுக்குள் ஊற்றி மூடினதுபோல் இருந்தது. மறுபடியும் மெயினை அமர்த்தினார்கள். மாதா அணைந்தாள், அவர் அணையவில்லை. காலைப் பிடித்து இழுக்கப் போன ரெண்டு பேருடைய உள்ளங்கைத் தோல் அவர் காலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

தீயணைப்புக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு இது தீ இல்லை என்றார்கள். கரண்ட் ஆபீஸ்காரர் வந்து பார்த்துவிட்டு, மீட்டருக்கு அந்தப் பக்கம் என்றால் எங்கள் பொறுப்பு, இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு என்றார். டாக்டர், ஆளை இறக்கிக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்றார். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்க வந்து, தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஆகாது என்று யாரோ காதில் சொன்னதும், தூரத்தில் நின்று சிலுவை மட்டும் போட்டுவிட்டுப் போனார். எல்லோரும் போன பிறகு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்றேன். பழைய டியூப்லைட் சோக் ஒன்று ரீங்கரிப்பதுபோல மேலே இருந்து அவர் குரல் வந்தது.

"ஜெசி. பிள்ளை பால் குடிச்சாளா?"

"குடிச்சா."

"நீ சாப்ட்டியா?"

"இல்ல. உங்களுக்கு நண்டு எடுத்து வச்சிருக்கேன்."

"கஞ்சி போதும்ட்டி. மேல வரைக்கும் நண்ட எப்பிடிக் கொண்டு வருவ."

அன்றிலிருந்து, திருவிழாக் கொடி ஏற்றுகிற மூங்கிலில் ரப்பர் குழாயைக் கட்டி, அதன் வழியாகக் காலையும் மாலையும் அவருக்குக் கஞ்சி ஏற்றினேன். ஊரும் பழகிக்கொண்டது. முதல் ஞாயிறு, மேலே பார்த்துப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு, பார்க்காமல் போட்டுக்கொண்டார்கள். அதற்கடுத்து யாரும் சிலுவையே போடவில்லை. தெருக்காரர் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் அவருக்குக் கீழே நடந்தது, சீட்டுப் பிடிப்பது அவருக்குக் கீழே நடந்தது, கல்யாண ஓலை வாசிப்பது, பூப்பு நீராட்டு, இழவு வீட்டுக் கருமாதிச் சாப்பாடு எல்லாம் அவருக்குக் கீழே நடந்தது. அந்த வெளிச்சத்தில் படித்த பிள்ளைகள் பாஸானார்கள். அந்த வெளிச்சத்தில் பார்த்து வாங்கிய புடவை வீட்டிலும் அதே நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் கருவாடு ஈயில்லாமல் காய்ந்தது. பெண் பார்க்க வருகிறவர்களைக் கூடத்துக்கே வரச் சொன்னார்கள், அவருக்கு நேர் கீழே உட்கார்ந்தால் எந்தப் பெண்ணும் ஒரு படி சிவப்பாகத் தெரிந்தாள். "லிகோரி மாதிரி ஒரு வயர்மேன் எந்த ஊர்ல இருக்கான்? தன்னையே மாட்டிக் குடுத்துட்டான்ல" என்று அண்ணாச்சி வெளியூர்க்காரர்களிடம் பெருமையடித்தார். கரண்ட் போகிற நேரத்தில் ஊரே பாயைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குக் கீழே படுத்தது. நான் மட்டும் கான்வென்ட்டில் சொல்லிக்கொடுத்த மாதிரி முட்டியிட்டு, அழுகையைக் கழுத்துக்கு மேலே வரவிடாமல், ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தமாக அழுகிற பிள்ளை சேசுவின் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று பெலிசித்தா சிஸ்டர் சொல்லுவார்.

வலி வந்தால் அவர் கூடுதலாக எரிவார் என்று ஒரு கல்யாணத்தில்தான் கண்டுபிடித்தார்கள். அன்று அவருக்குக் காய்ச்சல், வெளிச்சம் தணிந்து கிடந்தது, வீடியோக்காரன் படம் கறுப்பாக விழுகிறது என்று முணுமுணுத்தான். தோரணம் கட்டிய ஒருவன் கையிலிருந்த கம்பு தவறி அவர் விலாவில் இடித்தது. அவர் "ம்ம்" என்றார். கூடம் பளீரென்றது. "அடேயப்பா" என்று பந்தியில் இருந்தவர்கள் சோற்றுக் கையோடு அண்ணாந்தார்கள். அடுத்த விசேஷத்துக்குக் கம்பின் முனையில் ஒரு கோணி ஊசி வந்துவிட்டது. அந்தக் கம்புக்கு மூலையில் ஒரு இடமும், அதை எடுத்துக் குத்துவதற்கு ஒரு முறையும் வந்துவிட்டது, முதல் குத்து மாப்பிள்ளை வீட்டாருடையது, இரண்டாவது பெண் வீட்டாருடையது. "ரொம்பக் குத்தாதீங்கடே, லேசா, லேசா" என்று அண்ணாச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வார். நம்ம பிள்ளையாச்சே என்று ஊசியை டெட்டாலில் கழுவித்தான் குத்தினார்கள்.

அதைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். கூடத்தில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். என் மகளுக்குப் பாக்கியசீலி என்று பேர், நாங்கள் சீலி என்போம். நர்ஸம்மா அவள் தொடையில் ஊசியை இறக்கினதும் அவள் முகம் சிவந்து, மூச்சு நின்று, பிறகு வீறிட்டாள். மேலே அவர் அதுவரை யாரும் பார்த்திராத மாதிரி எரிந்தார். சுவரில் சுண்ணாம்புக்கு உள்ளே இருந்த செங்கல் தெரிந்தது. மாதாவின் நீல பல்பு எரிகிறதா என்றே தெரியவில்லை. வெளியே சாலையில் போன லாரிகள் பகலிலேயே கண்கூசி ஓரமாக நின்றன. சீலி ஓய்ந்ததும் அவரும் ஓய்ந்தார். எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். கடைக்காரன் தராசில் வைக்கப் போகிற பொருளைப் பார்க்கிற பார்வை.

அதன் பிறகு எந்த விசேஷம் என்றாலும் எனக்குத்தான் முதல் வெற்றிலை. "ஜெசிந்தா, பிள்ளையத் தூக்கிட்டு வந்துரும்மா. நீ வராம என்ன விசேஷம்?" பிள்ளையைக் கொஞ்சுவதற்கு ஆளாளுக்கு வாங்குவார்கள், கை மாறும், மடி மாறும், பெண்ணுக்குத் தாலி ஏறுகிற நேரம் பார்த்து யாராவது ஒருத்தி கொஞ்சுகிற மாதிரியே தொடையில் கிள்ளுவாள். மேலே இருந்து அவர், "என்னக் குத்துங்க, எத்தன வேணும்னாலும் குத்துங்க, அவள விடுங்க" என்று ரீங்கரிப்பார். "பாசம்னா இது பாசம்" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். வீட்டுக்கு வந்து சீலிக்குத் தேங்காய் எண்ணெய் தடவினால் தொடை நாவல்பழம் கொட்டின பாய் மாதிரி இருக்கும். இவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டு வரை போவேன். அவருக்குக் கஞ்சி ஏற்ற ஆளில்லையே என்று திரும்பிவிடுவேன்.

திருவிழா வந்தது. இசக்கியம்மாள் அக்காதான் சேதி கொண்டுவந்தாள். "உனக்கு யோகம்டி. சீலிக்கு ஊரே சேந்து காது குத்துதாம். பட்டுப் பாவாடை தச்சாச்சு, ஆசாரிக்குச் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழம சாயந்தரம், வெளியூர்ச் சாமியாரெல்லாம் வரும்போது."

"அக்கா, அவளுக்கு இன்னும் வயசு..."

"ரெண்டு காதையும் சேத்துக் குத்த வேண்டாம்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. ஒண்ணு குத்தி, அழுது அடங்கின பொறவுதான் அடுத்ததாம். மேல்காதும் குத்துனா பிள்ளைக்கு எடுப்பா இருக்கும்னு ஒரு பேச்சு ஓடுது." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ஏன் பிள்ளே மொறைக்க? பொம்பளப் பிள்ளைன்னா காது குத்தாமயா வளக்கப் போற?" என்றாள்.

கஞ்சி ஏற்றும்போது அவரிடம் சொன்னேன். அத்தனை மாதத்தில் ஒருநாளும் கேட்காததை அப்போதுதான் கேட்டார்.

"என்ன எறக்கிருட்டி."

"எப்பிடிங்க? தொட்டா ஒட்டுதே."

"என்னத் தொடாத. ஒயர மட்டும் தொடு. நாந்தான் இங்க ஜாயின்டா கிடக்கேன், ஜெசி. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவுல நான் இருக்கேன். சரியான ஜாயின்ட் ஒண்ணு போட்டுட்டா அதுக்கு நான் எதுக்கு? விட்டுரும்."

"பக்கத்துல யார நிறுத்த?"

அவர் சிரித்தார், கண்ணாடி மணிகள் கிலுங்கின. "ஒருத்தரையும் நிறுத்தாத. மனுஷன நிறுத்திட்டு ஏறினவன்தான் இந்தா கிடக்கேன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம், சப்பரம் ஜோடிக்கப் போனவர்கள் போக மற்றவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், அம்மிக் குழவியை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய் மீட்டர் பெட்டியின் பூட்டை உடைத்தேன். கட்டையைப் பிடுங்கி ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். கெபியில் நீல பல்பு அணைந்தது. பையில் கொண்டுபோயிருந்த மெழுகுவர்த்தியை ஏற்றி அந்த அம்மாவின் காலடியில் வைத்தேன், அவளுக்கு அது போதுமாகத்தான் இருந்தது. சீலி பால் குடித்த மயக்கத்தில் ஜமுக்காளத்தில் உறங்கினாள். ஏணியைச் சாத்தி, செருப்பைக் கழற்றாமல் ஏறினேன். கிட்டத்தில் அவர் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கண்ணிமை வழியாகக் கண் தெரிந்தது. விலாவெல்லாம் ஊசித் தழும்பு, ஒவ்வொரு தழும்பும் ஒரு மின்மினி.

"அழாத. கண்ணீர் கையில விழப்போவுது. டெஸ்டர வை."

வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல ஒவ்வொன்றாகச் செய்தேன், அதற்கு முன்னாலேயே பாதி எனக்குத் தெரியும், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் ஜாயின்ட் பற்றித்தானே அவர் பேசுவார். பழைய ஒயர் முனை அவர் விரலோடு உருகியிருந்ததால் அதற்குக் கொஞ்சம் மேலே தள்ளிக் குறடால் நறுக்கினேன். ரப்பர் தோலைக் கத்தியால் சீவும்போது செம்பில் கீறல் விழாமல் சீவினேன், கீறின இடத்தில் பின்னால் ஒடியும். உள்ளே இருந்த மெல்லிய இழைகளை, கான்வென்ட்டில் பூவேலைக்கு நூல் முறுக்குவதுபோல ஒரே பக்கமாக முறுக்கினேன். வெளியே செம்பு தெரியாத அளவுக்குக் கனெக்டருக்குள் சொருகித் திருகை இறுக்கினேன். "இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்தேன். "இன்னும் இழு. லூஸ் ஜாயின்ட் இன்னிக்கி எரியும், நாளைக்கி வீட்ட எரிக்கும்." சிவப்பு நின்றது. கறுப்பை எடுத்துச் சீவி, முறுக்கி, சொருகித் திருகும்போது சீலி விழித்துக்கொண்டாள்.

அம்மா பக்கத்தில் இல்லை. அவள் அழுதாள்.

ஒயரில் கரண்ட் இல்லை, கட்டை என் நெஞ்சில் இருந்தது, டெஸ்டர் செத்துக் கிடந்தது. ஆனால் பிள்ளையின் அழுகை தரையிலிருந்து கிளம்பி அவர் உடம்பு முழுக்க ஏறி, அவர் விரலிலிருந்து அந்தக் கறுப்பு ஒயருக்குத் தாவி, ஒயரைப் பிடித்திருந்த என் கைக்குள் வந்தது. பற்களெல்லாம் சூடாயின. "விட்டுர..." என்றதற்கு மேல் ரீங்காரம்தான் கேட்டது, விடாதே என்றாரா விட்டுவிடு என்றாரா என்று யோசிக்க நேரமில்லை, திருகைக் கடைசிச் சுற்று சுற்றி ஒயரை இழுத்துப் பார்த்தேன். நின்றது. ஒரு பெருமூச்சோடு விளக்கு அவரை விட்டது. ஜமுக்காளத்தின் ஓரத்தில், காய்ந்த பனையோலை விழுகிற சத்தம்கூட இல்லாமல் விழுந்து, அணைந்து, இருமினார்.

மீட்டரில் கட்டையைத் திரும்பச் சொருகிவிட்டுக் கூடத்துச் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். சரவிளக்கு எரிந்தது. எந்தக் கடையிலும் எரிகிற மாதிரி, யாருக்கும் வலிக்காமல் எரிந்தது. ஒரு தோளில் அவரையும் ஒரு இடுப்பில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வீடு சேர்ந்தேன். ரெண்டு பேரும் ஒரே கனம்.

வீட்டில் அவரைக் கட்டிலில் கிடத்தினேன். சீலி பசியில் மறுபடியும் சிணுங்கினாள், சிணுங்கி அழத் தொடங்கினாள். ஜன்னல் சாத்தியிருந்த அறையின் சுவர்கள் மெல்ல வெளுத்தன. அவர் எரிகிறார் என்று நினைத்து அவரைப் பார்த்தேன். அவர் கறுப்பாகக் கிடந்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏட்டி," என்றார், "உன் கை."

குனிந்து பார்த்தேன். உப்பளத்து வெளிச்சம் நகத்திலிருந்து முழங்கைக்கு ஏறிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு மார்பைக் கொடுத்தேன், அவள் ஓய்ந்தாள், நான் அணைந்தேன்.

சேதி அதற்குள் பரவிவிட்டது. அண்ணாச்சி நாலு பேரோடு வந்தார், கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "கேக்காம எறக்கிட்டியேம்மா. வெளியூர்ச் சாமிமாருக்கு என்ன பதில் சொல்ல?" என்றார். கூட வந்தவன் கொண்டுவந்திருந்த கம்பால் கட்டிலில் கிடந்தவரை ஒரு குத்துக் குத்திப் பார்த்தான். அவர் முனகினார், அவ்வளவுதான். "பல்பு போச்சு அண்ணாச்சி" என்றான். அண்ணாச்சி தாடையைச் சொறிந்துகொண்டு என் மடியைப் பார்த்தார். "அது ரத்தத்துல உள்ளதுன்னா எங்க போவும்? அப்பனுக்கு இருந்தது மவளுக்கு இல்லாமயா போவும்? காதுகுத்து நடக்கட்டும். வெளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையக் கொண்டாந்துருங்க. நீயும் வந்து பக்கத்துல நில்லும்மா, தாய் இல்லாம எப்பிடி."

அவர்கள் போனதும் கதவைத் தாழ் போட்டேன். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் அழுதால் நான் எரிவேன். நான் எரிந்தால் ஏணியை எடுப்பார்கள். நான் மேலே போய்விட்டால் இவளைக் கீழே வைத்து நாள் தவறாமல் கிள்ளுவார்கள், இவள் பெரியவளாகும் வரை, பெரியவளான பிறகும். இவ்வளவுதான் கணக்கு. பிள்ளையை என் முகத்துக்கு நேராக உட்காரவைத்தேன். கிள்ளினேன். வாய் திறந்ததும் உள்ளங்கையால் மூடினேன். அடங்கினதும் கையை எடுத்து முத்தமிட்டேன், பால் கொடுத்தேன். மறுபடியும் கிள்ளினேன். மூடினேன். என் கை அவள் வாயின் மேல் வெளுத்து வெளுத்து அணைந்தது. கட்டிலில் கிடந்தவர் ஒருமுறை, "ஜெசி" என்றார். அதன் பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்தபோது, கிள்ளுவதற்கு நான் கையை நீட்டின உடனே பிள்ளை தானாக உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

கூடம் நிறைந்திருந்தது. சரவிளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் இருட்டில் காத்திருந்தார்கள், நீல பல்பும் ஆசாரியின் கையருகே ஒரு அகலும் மட்டும். பட்டுப் பாவாடையில் சீலியை இசக்கியம்மாள் அக்கா மடியில் வைத்துக்கொண்டாள். ஆசாரி வலது காதைத் தேய்த்து, கம்பியை வைத்து, குத்தினார். சீலியின் உடம்பு ஒருதரம் துள்ளியது. கண் என்னைத் தேடிப் பிடித்தது. உதடு இறுகியது. முந்தானைக்குள் என் கை இரண்டும் இருட்டாக இருந்தன.

"அடுத்தது" என்றார் அண்ணாச்சி. இடது காது. பாவாடையில் ஒரு சொட்டு விழுந்தது. பிள்ளை என்னையே பார்த்தாள்.

"மேல்காது" என்றார் அண்ணாச்சி.

ஆசாரி தயங்கினார். "கொழந்த கல்லு மாரி இருக்குய்யா. எனக்கே ஒரு மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் குத்தினார். பிறகு யாரோ சலிப்பாகச் சுவிட்சைப் போட்டார்கள். "நெஞ்சே இல்லாத பிள்ளையா இருக்கே" என்று ஒருத்தி சொல்ல, "அப்பன் படுத்துக் கெடக்கான், ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாரேன்" என்று இன்னொருத்தி சொல்ல, சோறு ஆறுகிறது என்று எல்லோரும் பந்திக்கு எழுந்து போனார்கள்.

இப்போது எங்களை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அவர் எழுந்து நடக்கிறார், வேலைக்குப் போவதில்லை, பிள்ளையைத் தூக்குவதில்லை. சீலி நடக்கப் பழகிவிட்டாள். விழுவாள், முட்டி சிதையும், எழுந்துகொள்வாள். காய்ச்சலில் அனலாய்க் கொதித்தாள், ஒரு முனகல் இல்லை. பசித்தால் வந்து முன்னால் நிற்கிறாள், அவ்வளவுதான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று இசக்கியம்மாள் அக்கா தன் பேத்திகளுக்கு அவளைக் காட்டித் திட்டுகிறாள்.

சில மத்தியானங்களில், ஊர் உறங்கும்போது, ஜன்னலில் ரெண்டு போர்வையைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் துணியைச் செருகி, வெளியே ஒரு கீற்றுக்கூடப் போகாது என்று தெரிந்த பிறகு, அவளைச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய் மடியில் வைத்துக்கொள்கிறேன். யாரும் இல்லைம்மா, அம்மா மட்டும்தான், அழு, ஒரேயொரு தடவை அழு என்று காதோடு சொல்லிக் கிள்ளுகிறேன். முதலில் மெதுவாக, பிறகு மெதுவாக இல்லை. அறை இருட்டாகவே இருக்கிறது. என் கையே எனக்குத் தெரியாத அந்த இருட்டில், அவள் உதட்டை இறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை விரலால் தடவித்தான் தெரிந்துகொள்கிறேன்.